கிளம்பும்போது என்ன சொல்வேன்

முதல் வரி வந்துவிட்டது. முதல் வரியில் எனக்கு என்றைக்குமே கஷ்டம் இருந்ததில்லை. 'என் பெரியப்பா நேற்று இறந்துவிட்டார்.' இறந்துவிட்டார் என்றுதான் எழுத வேண்டும், காலமானார் என்று எழுதினால் என்ன காலம் ஆனார், மழைக்காலமா வெயில்காலமா என்று என்னிடம் படிக்கிற தர்ஷிகா கேட்பாள், தவறிவிட்டார் என்றால் எங்கே தவறி விழுந்தார் என்பாள், சாமிகிட்ட போயிட்டார் என்றால் போச்சு, எத்தனாம் நம்பர் பஸ் என்று கேட்டு அந்த ஸ்டாப்பில் போய் நின்றுவிடுவாள். பதினைந்து வயசு. பதினைந்து என்று யாராவது சொன்னால் பதினைந்து வருஷம் நாலு மாசம் என்று திருத்துவாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தது என் நல்ல காலம், மடியில் கோடு போடாத நோட்டு, கையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா, காட்டூர் வருவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். காட்டூரில் அவளும் அவள் அம்மா கலைவாணியும் இதே பஸ்ஸில் ஏறுவார்கள், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட் என்று போனில் சொல்லிவிட்டேன், திருவெறும்பூரில் மூன்று பேருமாக இறங்கி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் ஆறு மணிக்குக் கலைவாணி பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ், எங்க வீட்டுக்காரரோட அண்ணன் நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க மிஸ். பன்னெண்டு மணிக்கு எடுக்கறாங்க. எங்க நாத்தனார் அதை எங்கயாவது விட்டுட்டு வான்னு சொல்றாங்க. அதைங்கறாங்க மிஸ், எம்பொண்ண. மொகத்தப் பாக்காம விட்டா ஆயுசுக்கும் பெரியப்பா எங்க பெரியப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. கூட்டிட்டுப் போனா, கெளம்பும்போது அத்தன பேருக்கு முன்னாடி சத்தமா அந்த வார்த்தையச் சொல்லிடுவா. உங்களுக்குத்தான் தெரியுமே மிஸ். ஒரு கதை எழுதித் தாங்க மிஸ்." எனக்குத்தான் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்.

எங்கள் சிறப்புப் பள்ளியில் இதைக் கதை என்றுதான் சொல்கிறோம், ராஜா ராணி எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் கடைக்குப் போவேன், கடையில் வரிசை இருக்கும், வரிசை நகர நேரமாகும், நான் காத்திருக்கலாம், முடிந்தது கதை. அந்தப் பிள்ளையே பேசுவதுபோல நான் நான் என்று எழுத வேண்டும், ஒரு 'செய்வேன்' போடுவதற்கு முன்னால் மூன்று வரியாவது ஏன் என்று சொல்ல வேண்டும், அதட்டக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் வளர வளரத் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார்ந்து எழுதித் தர வேண்டும், அந்த யாராவது பதினெட்டு வருஷமாக நான். படம் போட்டது என் வீட்டுக்காரர். தபாலாபீஸிலிருந்து வந்து டீ குடித்துவிட்டு, குச்சிக் கையும் குச்சிக் காலுமாகப் போட்டுத் தருவார், எல்லாருக்கும் மீசை வைப்பார், டாக்டரம்மாவுக்கும் மீசை, 'அழிங்க அதை' என்றால் 'இருக்கட்டும் மங்கை, தைரியமா இருப்பாங்க' என்பார். தணிகாசலம் என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு லேசான மனுஷன். இப்போது படம் இல்லாமல்தான் எழுதுகிறேன். கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு' என்கிறார், எங்கே இருக்கிறது என்று யாரோ கேட்கிறார்கள், காந்தி மார்க்கெட்டில் இரண்டு கூடை வெங்காயத்தாள் ஏறிவிட்டது, மணக்கிறது. என்ன எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரி. 'இன்று நானும் அம்மாவும் மங்கை மிஸ்ஸும் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். அங்கே நிறைய பேர் இருப்பார்கள். சிலர் சத்தமாக அழுவார்கள். சத்தம் அதிகமானால் நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்.' இதுவரை நன்றாக வருகிறது. பெரியப்பா படுத்திருப்பார், கண் திறக்க மாட்டார், பேச மாட்டார், இதையும் எழுத வேண்டும், அவளை 'வாங்க மேனேஜர்' என்று கூப்பிடுகிற ஆள் அவர், அவள் மணி சொன்னால் தன் கைக்கடிகாரத்தை அதற்குத் தகுந்தபடி திருத்திக்கொள்வாராம். அந்த மனுஷன் கூப்பிட மாட்டார் என்பதை அவள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. எழுதிவிட்டேன். இனிமேல்தான் வர வேண்டியது வர வேண்டும், பேனா நிற்கிறது.

எல்லாம் நான் செய்த தப்புதான், அதுவும் கெட்டிக்காரத்தனமாகச் செய்த தப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தர்ஷிகா யார் வீட்டுக்குப் போனாலும் அலுத்த நிமிஷத்தில் எழுந்து 'போறேன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். போறேன் என்று சொன்னால் நம் ஜனங்களுக்குப் பகீர் என்கிறது, போறேன்னு சொல்லாத கண்ணு, போயிட்டு வரேன்னு சொல்லு என்று வீட்டுக்கு வீடு பாடம் எடுத்தார்கள். அவள் என்னிடம் வந்து கேட்டாள். "மிஸ், நான் திரும்ப வர மாட்டேன். வரேன்னு சொன்னா பொய். பொய் சொல்லக் கூடாது." நியாயம்தானே. நானும் யோசித்து 'கிளம்பும்போது என்ன சொல்வேன்' என்று கதை எழுதி அதில் இரண்டு வரி சேர்த்தேன். 'போயிட்டு வரேன் என்றால் இன்னொரு நாள் மறுபடி வருவேன் என்று அர்த்தம். நான் மறுபடி வந்தால் அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.' இவர் மீசை வைத்த ஒரு குடும்பத்தையே வாசலில் நிற்க வைத்துப் படம் போட்டார். பிறகு ஆரம்பித்தது கூத்து. பல் டாக்டரிடம் போயிட்டு வரேன் என்று சொன்னாள், மறு வியாழக்கிழமை அதே நேரத்துக்குப் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். துணிக்கடைக்காரரிடம் சொன்னாள், போனாள். கல்யாண மண்டபத்தில் பெண் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்து, மறு வாரம் அதே மண்டபத்துக்கு அம்மாவை இழுத்துக்கொண்டு போய், வேறு யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்களிடமும் போயிட்டு வரேன் என்றாள். கலைவாணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என்னிடம் வந்து சொன்னாள். அந்த இரண்டு வரியை மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன், இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன், சோம்பேறித்தனம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம். மாற்றுவதற்குள் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இவர் தபாலாபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். என் சோம்பேறித்தனத்தை எத்தனை தடவை கும்பிட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

மறுநாள் கூடத்தில் இவரைக் கிடத்தியிருந்தது. எனக்கு யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று ஒன்றும் தெரியாது, ஊதுபத்தி வாசனையும் ஐஸ் பெட்டி மோட்டார் சத்தமும்தான் தெரியும். சாவு வீட்டில் வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அதுதானே முறை, நானும் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது எனக்குத் தாங்கவில்லை. தலையைத் தூக்கும்போதெல்லாம் இருந்த இடத்தில் ஆள் இல்லை. இவரும் அப்படித்தானே போனார், காலையில் லஞ்ச் பாக்ஸை எடுத்துக்கொண்டு, நான் பாத்ரூமில் இருந்தேன், சொன்னாரா சொல்லவில்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அப்போதுதான் தர்ஷிகா எனக்கு நேராக வந்து நின்று, என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, கண்ணைப் பார்க்க மாட்டாள், கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், "போயிட்டு வரேன் மிஸ்" என்றாள். எல்லாருடைய அழுகையும் நின்றுவிட்டது. என் நாத்தனார், "யாருடி இது, வாயில நல்ல வார்த்தை வராதா, இன்னொரு தடவை வர்றதுக்கு இங்க இன்னொண்ணு விழணுமா" என்று சீறினாள். கலைவாணி முகம் செத்துப்போய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு என்ன தோன்றியது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாடா, ஒருத்தி சொல்லிக்கொண்டு போகிறாள் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். சொன்னாளே, வந்தாள். கலைவாணி வாசலில் நின்றுகொண்டு "மன்னிச்சிருங்க மிஸ், சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்றாள். தர்ஷிகா உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இருபது நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "போயிட்டு வரேன் மிஸ்" என்று எழுந்தாள். போகும்போது சொன்னதால் அதற்கடுத்த சனிக்கிழமையும் வர வேண்டியதாயிற்று. அப்படியே ஓடுகிறது இரண்டு வருஷம். பதினாறாம் நாளோடு எல்லாரும் நின்றார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவருக்கு வீடு வாசல் இருக்கிறது. ஏழாவது சனிக்கிழமையை மறக்க மாட்டேன். காலையிலிருந்து பல் தேய்க்கவில்லை, பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது, தரையில் படுத்துக்கொண்டு இனி யாருக்கும் கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன், தர்ஷிகா என்ன, யாராக இருந்தாலும். நாலு மணிக்குத் தட்டினாள். நான் அசையவில்லை. வெளியே அவள் எண்ணுவது கேட்டது, ஒன்று முதல் பத்து வரை. மறுபடி தட்டினாள். மறுபடி எண்ணினாள். 'கதவு மூடியிருந்தால்' என்று ஒரு கதை இருக்கிறது, மூன்று தடவை தட்டலாம், மூன்று தடவையும் திறக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அதில் வரும், கதவை உடைக்கிற மாதிரி இடிப்பாள் என்று நான்தான் எழுதினேன். மூன்றாவது தட்டலுக்குப் பிறகு அவள் ஏழு, எட்டு என்று எண்ணும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, நாலாவது கிடையாது, போய்விடுவாள், எழுதியவள் நான். எப்படி எழுந்தேன் எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தேன் என்று தெரியாது. அவள் "ஒம்பது" என்றாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு இரவு சோறு வடித்துச் சாப்பிட்டேன்.

பால்பண்ணை தாண்டியாயிற்று. ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். 'சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது' என்று எழுதினேன், கூடாது என்று நான் எழுதுவதில்லை, அதனால் அடித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அது இல்லை காரணம். இதைப் படித்ததும் அவள் மூளை நேராக என் கூடத்துக்குப் போகும். மங்கை மிஸ் வீட்டில் சார் இறந்துபோனார், அங்கே நான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அப்புறம் சனிக்கிழமை என்ன ஆகும். சொன்னதால்தானே வருகிறாள், சொன்னதே தப்பு என்றால் வருவதும் தப்பு, அவளுக்கு அப்படித்தான் ஓடும், ஒரு தடவை தப்பு என்று முடிவு செய்தால் பிறகு கட்டி இழுத்தாலும் வர மாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பத்தேழு வயசுப் பொம்பளை, வாரத்தில் இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு பெண்ணை இழந்துவிடுவேனோ என்று ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். 'சொந்தக்காரர் வீட்டில் யாராவது இறந்தால்' என்று போடலாமா என்று பார்த்தேன், நான் சொந்தமில்லை, என் வீடு தப்பித்துக்கொள்ளும். திருட்டுப் புத்தி. நாளைக்கே பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அங்கே போய் சொல்லுவாள், இன்னொரு நாத்தனார் சீறுவாள், நான் என் சனிக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அவள் திட்டு வாங்க வேண்டுமா. அந்தப் பெண் எனக்குச் செய்ததற்கு நான் செய்கிற கைம்மாறு இதுதானா. எழுதடி மங்கை, அரியமங்கலம் வந்துவிட்டது. வெங்காயத்தாள்காரம்மா என் நோட்டை எட்டிப் பார்த்து, "லெட்டராம்மா?" என்கிறாள். "கதைம்மா" என்றேன். "பஸ்ஸுலயா" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

'ஒருவர் இறந்த வீட்டில் கிளம்பும்போது யாரும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை.' ஒருவர் என்றால் எந்த ஒருவரும். என் வீடும்தான். எழுதியாயிற்று. ஏன் என்று சொல்ல வேண்டுமே. வரேன் என்று சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு துக்கம் வரும் என்று பயம், நிஜமாக வராது, ஆனால் அழுகிறவர்களுக்கு எதைக் கேட்டாலும் பயம். 'அப்படிச் சொன்னால் இன்னொரு துக்கம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். அழுகிறவர்கள் இன்னும் பயப்பட வேண்டாம். அதனால் நான் எதுவும் சொல்லாமல் கிளம்பலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கலாம்.' இதோடு நிறுத்த வேண்டும், ஆனால் இதோடு நிறுத்தினால் அவள் அந்தப் பெரியம்மா வீட்டுக்குள் இனி காலே வைக்க மாட்டாள், சொல்லவில்லையே, எப்படி வருவாள். அந்த அம்மாவுக்கும் ஒரு ஏழாவது சனிக்கிழமை வருமே. பேனா தானாக ஓடுகிறது, இப்படி ஓடி ரொம்ப நாளாயிற்று. 'சொல்லாமல் கிளம்பினாலும் இன்னொரு நாள் மறுபடி வரலாம்.' ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்க்கிறேன். இவர் இருந்திருந்தால் பெரியம்மாவுக்கும் மீசை வைத்திருப்பார். பஸ் நிற்கிறது, காட்டூர், காட்டூர்.

அவள்தான் முதலில் ஏறுகிறாள், சீட்டை எண்ணிக்கொண்டே வருகிறாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. சாம்பல் நிறச் சுடிதார், காதில் பஞ்சு. பின்னால் கலைவாணி, அழுது வீங்கிய முகம். "எழுதிட்டீங்களா மிஸ்" என்கிறாள், தலையாட்டுகிறேன். தர்ஷிகா என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை வாங்கி, விரலை வைத்துச் சத்தமாகப் படிக்கிறாள், பஸ்ஸே கேட்கிறது. பெரியப்பா கண் திறக்க மாட்டார் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நிற்கிறது, "மேனேஜர்னு சொல்ல மாட்டார்" என்று தானே சேர்த்துக்கொண்டு மேலே போகிறாள். ஒருவர் இறந்த வீட்டில். நிறுத்திவிட்டாள். முன் சீட் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "மங்கை மிஸ் வீடு. தணிகாசலம் சார். ஆகஸ்ட் பன்னெண்டு, சனிக்கிழமை. நான் போயிட்டு வரேன்னு சொன்னேன். தப்பு." கலைவாணி, "இப்ப எதுக்குடி அதெல்லாம்" என்கிறாள். தர்ஷிகாவின் மணிக்கட்டு வாய்க்குப் போகிறது, தப்பு செய்தால் கடிப்பாள், தழும்பு இருக்கிறது. "ஊருக்கு அது தப்பும்மா, எனக்கு ரொம்ப நல்லதா இருந்துச்சு" என்கிறேன். மணிக்கட்டு பாதி வழியில் நிற்கிறது. நோட்டைத் தட்டிக் காட்டுகிறாள். "எழுதல."

அவளுக்கு வாய்ச்சொல் செல்லாது, தெரிந்ததுதானே. நோட்டை வாங்கி அடியில் எழுதுகிறேன், பஸ் குலுங்குகிறது. 'மங்கை மிஸ் வீட்டில் நான் போயிட்டு வரேன் என்று சொன்னேன். சொன்னபடி மறுபடி வந்தேன். நான் வந்ததால் மங்கை மிஸ் கதவைத் திறந்தார். மங்கை மிஸ் தர்ஷிகாவுக்கு நன்றி சொல்கிறார்.' நன்றி என்ற வார்த்தையை எழுதும்போது கண் மறைத்துவிட்டது, இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன், இவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல். அவள் படித்தாள். கடைசி வரியை மறுபடி படித்தாள். "தர்ஷிகாவுக்குன்னு போடக் கூடாது. கதையில நான்னுதான் வரணும். எனக்கு." என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, தர்ஷிகாவுக்கு என்பதை அடித்து, மேலே கோணலாக எனக்கு என்று எழுதிக்கொண்டாள். மங்கை மிஸ் எனக்கு நன்றி சொல்கிறார். மணிக்கட்டு மடிக்கு இறங்கிவிட்டது. மிச்சக் கதையைப் படித்து முடித்து, வாயை இறுக்கி மூடிக் காட்டி, "செருப்பப் போட்டுட்டு நேரா நடப்பேன்" என்றாள். கலைவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

திருவெறும்பூர் இறங்குறவங்க முன்னாடி வாங்க என்கிறார் கண்டக்டர். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். "இன்னிக்கும் சனிக்கிழமை. நாலு மணிக்கு மிஸ் வீடு" என்கிறாள் தர்ஷிகா. கலைவாணி பதறிப்போய், "இன்னிக்கு எப்படிடி? பெரியப்பாவ எடுத்த வீட்டுலேருந்து இன்னொருத்தர் வீட்டுக்குப் போவாங்களா, தீட்டுடி, பதினாறு நாள் கழியட்டும், நீங்களாவது சொல்லுங்க மிஸ்" என்கிறாள். தர்ஷிகா நோட்டைத் திறந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி, கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு மூடுகிறாள். "இதுல தீட்டு இல்ல." இல்லைதான். பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி மூடிப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.